டோஃபு உடைகிறது, ஒட்டுகிறது, சுவை ஏறவில்லை: சைவச் சமையலில் கோளாறும் தீர்வும்

பினாங்குத் தமிழ் வீடுகளுக்கு, சோயா பாலைத் திரித்துக் கட்டியாக்கிச் செய்யும் டோஃபு அந்நியப் பொருள் அன்று. மாமாக் கடை மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்சிலும், குழம்பு ஊற்றித் தரும் பசெம்போரிலும் தௌக்வா என்னும் கெட்டி டோஃபுவைத் தின்றே வளர்ந்திருக்கிறோம். இருந்தும், புரட்டாசி மாதத்திலோ தைப்பூச விரதத்திலோ அதையே வீட்டில் பெரட்டலாகவோ சம்பாலாகவோ செய்ய முற்படும்போது, துண்டுகள் நொறுங்குகின்றன, சட்டியில் ஒட்டுகின்றன, உள்ளே உப்பே இல்லை என்ற குறைகள் ஒவ்வோர் ஆண்டும் எழுகின்றன. பெரும்பாலோர் உடனே மசாலாவை மாற்றிப் பார்க்கிறார்கள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் மசாலா அன்று, தண்ணீர். மென்மையான டோஃபுவின் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். நன்றாக அழுத்திய வகையிலும் அது 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது, சமைக்கும்போது எங்கே போகிறது என்று கவனித்தால், கீழே வரும் குறைகளில் பாதிக்குமேல் தாமே விளங்கிவிடும்.

கையில் இருப்பது எந்த வகை?

எந்தக் குறையை ஆராய்வதற்கு முன்னும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பசாரில் தண்ணீரில் போட்டு விற்கப்படும் மென்மையான வெள்ளைச் சதுரங்கள் தௌஹு. துணியில் கட்டி அழுத்தி நீர் வடிக்கப்பட்டு, விரலால் அமுக்கினால் மீண்டெழுகின்ற கெட்டியான சதுரம் தௌக்வா. சிலவற்றின் மேற்பரப்புக்கு மஞ்சள் நிறம் ஏற்றியிருப்பார்கள். எண்ணெயில் பொரித்து உப்பவைத்தது தௌபோக். இவை தவிர, டப்பாவுக்குள்ளேயே கட்டியாக்கப்பட்ட வழுவழுப்பான வகை ஒன்று உண்டு. அது ஒருபோதும் அழுத்தப்படாதது, ஆகவே சோயா பாலில் இருந்த தண்ணீர் முழுவதும் அதற்குள்ளேயே நிற்கிறது. குழாய் போன்ற பிளாஸ்டிக் உறையில் வரும் இளமஞ்சள் நிற வகையைப் பற்றிப் பின்னர் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரட்டல், சம்பால், வறுவல் ஆகியவற்றுக்குத் தௌக்வா. ரசம் போன்ற தெளிந்த சாறுகளுக்கும் ஆவியில் வேகவைப்பதற்கும் தௌஹு அல்லது டப்பா வகை. நிறையச் சாறுள்ள குழம்புக்குத் தௌபோக். இந்தப் பொருத்தம் தவறியிருந்தால், கீழே உள்ள எந்த உத்தியும் முழுப் பலன் தராது.

துண்டுகள் உடைந்து கூழாகின்றன

தௌஹுவையோ டப்பா வகையையோ பெரட்டலில் போட்டிருந்தால் காரணம் அதுவே. அடுத்த முறை தௌக்வா வாங்குவதைத் தவிர வேறு வழி தேட வேண்டியதில்லை. தௌக்வாவே உடைகிறது என்றால் மூன்று காரணங்களைப் பார்க்கலாம். துண்டுகள் மிகச் சிறியவையாக, ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவாக வெட்டப்பட்டிருக்கலாம். மேற்பரப்பு இறுகுவதற்கு முன்பே அகப்பையால் கிளறப்பட்டிருக்கலாம். அல்லது, வெங்காயமும் தக்காளியும் வதங்கிக்கொண்டிருக்கும்போதே டோஃபுவும் சேர்க்கப்பட்டு, கெட்டியான மசாலாவுடன் சேர்ந்து நெடுநேரம் புரட்டப்பட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது; கோழியைப் பெரட்டும் அதே பழக்கத்தில் கை போகிறது. கோழி வேகுவதற்கு நேரம் வேண்டும், டோஃபுவுக்கு வேண்டாம், ஏனெனில் அது கடையிலேயே வெந்த பொருள். மசாலா முழுவதும் சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகு, தனியே பொரித்தோ வாட்டியோ வைத்த துண்டுகளைச் சேர்த்து, சட்டியைக் குலுக்கியோ அகப்பையை அடியில் செலுத்தித் தூக்கியோ இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் போதும்.

இன்னும் உறுதி வேண்டுமானால் உப்பு வெந்நீர் உதவும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, அடுப்பைத் தணித்து, வெட்டிய துண்டுகளை அதில் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைத்திருந்து வடித்தெடுக்க வேண்டும். வெப்பத்தால் புரத வலை சற்றே சுருங்கி உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதியை வெளியே தள்ளுகிறது. வடித்த பின், சூடான மேற்பரப்பில் மீந்திருக்கும் ஈரமும் விரைவில் ஆவியாகிவிடுகிறது. தண்ணீரை எடுக்கத் தண்ணீரிலேயே போடுவது முரணாகத் தோன்றலாம், ஆனால் மென்மையான தௌஹுவைக்கூட உடையாமல் குழம்பில் சேர்க்க இதைவிட எளிய வழி இல்லை.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் பலவும் டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனமான பொருளை வைத்து அரை மணி நேரம் அழுத்தச் சொல்கின்றன. நம் பசாரில் கிடைக்கும் தௌக்வா ஏற்கெனவே அழுத்தப்பட்டது என்பதால் அதற்கு அந்த வேலை வீண். உலர்ந்த துணியால் நான்கு பக்கமும் ஒற்றியெடுத்தால் போதுமானது.

சட்டியில் ஒட்டி, மேல்தோல் உரிந்து வருகிறது

இதற்கு ஈரமும் அவசரமும் காரணங்கள். ஈரமான துண்டு சட்டியைத் தொட்டதும் அந்த இடத்தின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. தோல் உருவாகும் முன் புரதம் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. துண்டுகளைத் துடைத்துவிட்டு, இரும்புச்சட்டியை முதலில் வெறுமையாக நன்றாகச் சூடேற்றி, பிறகு எண்ணெய் ஊற்றி, அது மினுமினுத்து அசையத் தொடங்கியதும் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். அதன் பின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கடினம். அடிப்பக்கம் பொன்னிறமாகி நீர் வற்றியதும் துண்டு தானாகவே சட்டியை விட்டு விலகும். மெல்லத் தள்ளிப் பார்க்கும்போது அசையவில்லை என்றால், அது இன்னும் ஆகவில்லை என்று பொருள். நடுத்தரத் தீயில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும்.

எண்ணெய் தெறிக்கிறது

இதுவும் ஈரமே. பொரிப்பதற்கு முன் துடைப்பதோடு, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் எண்ணெயில் போடாமல் சற்று நேரம் வெளியே வைப்பதும் நல்லது. தௌபோக்கை மறுபடி பொரிப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கழுவிய பின் அதன் உள்துளைகளில் நீர் தங்கியிருந்தால், பார்வைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் எண்ணெயில் வெடிக்கும்.

மொறுமொறுப்பு வரவில்லை, அல்லது வந்ததும் போய்விடுகிறது

வரவே இல்லை என்றால், எண்ணெய் போதிய சூட்டில் இல்லை அல்லது ஒரே நேரத்தில் அதிகத் துண்டுகள் போடப்பட்டிருக்கின்றன. பொரிப்பதற்கு எண்ணெய் 180 பாகை செல்சியசை ஒட்டி இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்தினால், அதைச் சுற்றிச் சிறு குமிழ்கள் விடாமல் எழுவதைக் கொண்டு அறியலாம். துண்டுகளைப் போட்டதும் குமிழோசை அடங்கிவிட்டால் கூட்டம் அதிகம் என்று கொண்டு, பாதியை வெளியே எடுத்துவிட வேண்டும். முந்நூறு கிராம் தௌக்வாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோளமாவு தூவிப் புரட்டிப் பொரித்தால் மெல்லிய மொறுமொறுப்பும், அதில் பாதி அரிசிமாவு கலந்தால் பஜ்ஜியை நினைவூட்டும் கடினமான மொறுமொறுப்பும் கிடைக்கும். மாவைத் தூவிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் உள்ளிருந்து ஊறும் நீர் அதைப் பசையாக்கிவிடும்.

வந்த மொறுமொறுப்பு போய்விடுவது வேறு சிக்கல். பொரித்த துண்டின் நடுவில் இன்னும் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாக வெளியேறும் வழியில் மேல்தோலை நனைக்கிறது. மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் தோல் தளர்ந்துவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமும் இதற்குத் துணைபோகிறது. கம்பி வலையின்மீது பரப்பி வைப்பதும், பரிமாறும் முன் இரண்டாம் முறை ஒரு நிமிடம் பொரிப்பதும் உதவும். ஆனால் சம்பாலில் புரட்டிய தௌக்வா ஒரு மணி நேரம் கழித்தும் மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அப்படி வேண்டுமானால் பசெம்போர்க் கடைக்காரர் செய்வதைப்போல் குழம்பைப் பரிமாறும்போதுதான் ஊற்ற வேண்டும்.

வெளியே கருகுகிறது, உள்ளே சில்லென்று இருக்கிறது

கிச்சாப் என்னும் இனிப்புச் சோயா சாற்றிலோ சர்க்கரை கலந்த சாற்றிலோ ஊறவைத்துவிட்டு அப்படியே வாட்டியிருப்பீர்கள். சர்க்கரை டோஃபுவுக்கு முன்பே கருகும். முதலில் வெறுமையாக வாட்டி, அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்பு கிச்சாப்பை ஊற்றிப் புரட்டுங்கள்.

சுவை உள்ளே ஏறவில்லை

எல்லாக் குறைகளிலும் அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாக மருந்து சொல்லப்படுவதும் இதுதான். இரவு முழுவதும் மசாலாவில் ஊறவை என்பதே வழக்கமான அறிவுரை. அது பெரிதாக உதவுவதில்லை, காரணமும் எளியது. டோஃபு என்பது சோயா புரதத்தாலான நுண்ணிய வலை, அதன் கண்கள் அனைத்திலும் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. வெளியே இருக்கும் சாறு உள்ளே நுழைய இடமில்லை. உப்பு கரைந்து மெதுவாக உள்நோக்கிப் பரவும். ஆனால் மிளகாய், மல்லி, சீரகம், கரம் மசாலா ஆகியவற்றின் மணமும் காரமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை, நீர் நிறைந்த வலைக்குள் அவை செல்வதில்லை. எண்ணெய் கலந்த மசாலாவில் எத்தனை மணி நேரம் ஊறினாலும் மேற்பரப்பு மட்டுமே நிறம் மாறும்.

எனவே வேலை செய்யக்கூடிய வழிகள் இரண்டு வகைப்படுகின்றன. ஒன்று, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி இடம் உண்டாக்குவது. மற்றொன்று, சுவையை உள்ளே அனுப்பும் முயற்சியை விட்டுவிட்டு, வெளியே அடர்த்தியாகப் பூசி, துண்டைச் சிறிதாக்குவது.

முதல் வகையில் சிறந்தது உறையவைத்தல். தௌக்வாவைத் துண்டுகளாக்கி, உறைபெட்டியில் ஓரிரவு முழுவதும் வைத்திருந்து, பிறகு வெந்நீரிலோ ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டிலோ உருகவிட வேண்டும். உள்ளிருந்த நீர் பனிப்படிகமாகும்போது புரத வலையை விலக்கி, பெரிய துளைகளை உண்டாக்குகிறது. உருகிய பின் கடற்பஞ்சைப் போலக் கையால் பிழிந்துவிடலாம். பிழிந்த துண்டு குழம்பில் விழுந்ததும் இழந்த நீருக்கு ஈடாகக் குழம்பையே உறிஞ்சும். மெல்லும்போது கிடைக்கும் நார்த்தன்மையும் கூடும் என்பதால், ஆட்டிறைச்சிப் பெரட்டலுக்கு மாற்றுத் தேடுபவர்களுக்குக் கடையில் விற்கும் சைவ இறைச்சியைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். உறைந்திருக்கும்போது டோஃபு மஞ்சளாகத் தெரிவதைக் கண்டு கெட்டுப்போனதென்று எறிந்துவிட வேண்டாம். உருகியதும் நிறம் பெரும்பாலும் வெளுத்துவிடும். டப்பா வகையை இவ்வாறு உறையவைத்தால் அடுக்கடுக்காகப் பிரிந்து உதிரும், ஆகவே அது இதற்கு ஏற்றதன்று.

தௌபோக் இந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டு வரும் பொருள். பொரிக்கும்போது நீர் ஆவியாகி உப்பியதால் அதன் உட்புறம் முழுவதும் வெற்றிடம். கொதிநீரை அதன்மீது ஊற்றி, ஆறியதும் பிழிந்தால் பழைய எண்ணெய் நீங்கிவிடும். பிறகு பாதியாக வெட்டிக் குழம்பில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், கடிக்கும்போது குழம்பு வாயில் பீறிடும். சாம்பாரிலும் இது நன்றாகவே இருக்கிறது, மரபுவாதிகள் மன்னிக்க.

இரண்டாம் வகையில், தௌக்வாவைச் சதுரமாக வெட்டாமல் அரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டுவது அல்லது கையால் பிய்ப்பது பயன் தரும். பிய்த்த முகம் கரடுமுரடாக இருப்பதால் மசாலா பிடித்துக்கொள்ளப் பரப்பு கூடுகிறது. மசாலாவும் நீர்த்ததாக இல்லாமல் துண்டைக் கவ்வும் அளவுக்குச் சுண்டியிருக்க வேண்டும். அதன் உப்பும் புளிப்பும் தனியே சுவைக்கும்போது சற்றுத் தூக்கலாகவே இருக்க வேண்டும், ஏனெனில் டோஃபு தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. முன்பு சொன்ன உப்பு வெந்நீர்க் குளியல் இங்கேயும் உதவுகிறது. குறைந்தது ஓரங்களிலாவது உப்பு இறங்கியிருக்கும்.

சோயா வாடை அடிக்கிறது

பச்சைப் பயறு போன்ற அந்த வாடை, சோயா விதையை அரைக்கும்போது அதிலுள்ள நொதி ஒன்று கொழுப்புடன் வினைபுரிவதால் உண்டாவது. வாங்கிய டோஃபுவில் லேசாக இருந்தால், மஞ்சள்தூளும் தட்டிய இஞ்சியும் சேர்த்த உப்புநீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் மட்டுப்படும். வீட்டிலேயே செய்பவர்கள், ஊறிய சோயாவைக் குளிர்ந்த நீரில் அரைக்காமல் கொதிநீர் ஊற்றி அரைத்தால் நொதி செயலிழந்துவிடும். எப்படி அரைத்தாலும் பாலை நன்றாகக் கொதிக்கவைத்தே தீர வேண்டும். வேகாத சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன.

வீட்டில் செய்தது உறையவில்லை என்றால், பால் நீர்த்ததாக இருந்திருக்கும் அல்லது ஆறியிருக்கும். பசாரில் குடிப்பதற்கு விற்கும் இனிப்புச் சோயா பாலை உறையவைக்க முயல வேண்டாம். பால் 75 முதல் 80 பாகைச் சூட்டில் இருக்கும்போது பாலைக் கட்டியாக்கும் உறைபொருளைச் சேர்த்து, ஓரிரு முறை மட்டும் கலக்கிவிட்டு மூடி வைக்க வேண்டும்.

குழம்பு நீர்த்துப்போகிறது, தேங்காய்ப்பால் திரிகிறது

சேர்க்கும்போது கெட்டியாக இருந்த குழம்பு, பரிமாறும்போது தண்ணீராகிறதா? குழம்பின் உப்பு டோஃபுவின் நீரை வெளியே இழுத்திருக்கிறது. துண்டுகளை முன்கூட்டியே உப்பு வெந்நீரில் போட்டோ வாட்டியோ எடுத்தால், இழக்க வேண்டியதை அவை முன்பே இழந்துவிடும். அவசரத்துக்கு, வறுத்த கடலைமாவு ஒரு கரண்டியைக் கரைத்து ஊற்றலாம்.

தேங்காய்ப்பால் திரிவதற்கு டோஃபு காரணமன்று. புளி சேர்த்த குழம்பில் முதற்பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டதே காரணம். புளியும் இரண்டாம் பாலும் முதலில் கொதித்து அடங்க வேண்டும். முதற்பால் கடைசியில், தீயைக் குறைத்த பின். பொட்டலத்தில் வரும் பாலில் நிலைப்படுத்திகள் சேர்க்கப்பட்டிருந்தால் அது அவ்வளவு எளிதில் திரியாது.

டோஃபு பொடிமாஸ் சொதசொதவென்று இருக்கிறது

உதிர்த்த தௌக்வாவை முதலில் எதுவும் சேர்க்காமல் சட்டியில் வறட்டி, ஆவி எழுவது குறைந்த பிறகு எண்ணெயில் தாளிக்க வேண்டும். முட்டை மணம் விரும்புகிற நனிசைவர்கள் (பால், முட்டை உட்பட விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர்கள்) கந்தக வாடையுள்ள கருப்பு உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அடுப்பில் நெடுநேரம் இருந்தால் அந்த மணம் குறைந்துவிடும் என்பதால் இறக்கும்போதுதான் தூவ வேண்டும்.

புளித்த நாற்றம், வழவழப்பு, கலங்கிய தண்ணீர்

இதற்குத் தீர்வு கிடையாது; எறிந்துவிட வேண்டும். கழுவி, மசாலா கூட்டிப் பொரித்தால் சரியாகிவிடும் என்று எண்ணி ருசி பார்ப்பதுகூட வேண்டாம். நீரும் புரதமும் நிறைந்த பொருள் முப்பது பாகை வெப்பமுள்ள ஊரில் எவ்வளவு விரைவாகக் கெடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சௌராஸ்தாவிலோ ஆயர் ஈத்தாம் பசாரிலோ காலையில் வாங்குபவர்கள், மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு கடைசியாக டோஃபு வாங்கி நேரே வீடு திரும்புவது நல்லது. வீட்டில் மூடிய பாத்திரத்தில் டோஃபு மூழ்கும்படி சுத்தமான நீர் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றினால் மூன்று நாள் வரை தாங்கும். வாங்கிய அன்றே நீர் பாகுபோல் இழுத்தால், அந்தக் கடையை மாற்றிவிடுங்கள்.

சைவம் என்று வாங்கியது சைவமாக இல்லை

இது சமையல் கோளாறு அன்று என்றாலும் விரதக்காரர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. குழாய் உறையில் வரும் இளமஞ்சள் வகை முட்டை கலந்து செய்யப்படுவது. மீன் தௌஹு என்று விற்கப்படும் உருண்டைகளும் சதுரங்களும் மீன் கூழால் ஆனவை. யோங் தௌ ஃபூ கடைகளில் வழக்கமாக டோஃபுவின் வயிற்றில் அடைக்கப்படுவதும் மீன் கூழே. சைவ இறைச்சி வகைகளில் சிலவற்றில் முட்டை வெண்கருவோ பால் புரதமோ சேர்கிறது. முட்டை உண்ணாதவர்களும் நனிசைவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மலேசியாவின் 1985 ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி ஒவ்வாமை தரக்கூடிய முட்டை, பால், மீன் ஆகியவற்றைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்பதால், தெலுர் (முட்டை), சூசு (பால்), ஈக்கான் (மீன்), ஊடாங் (இறால்) ஆகிய மலாய்ச் சொற்களைத் தேடிப் படித்தால் ஐயம் தீரும்.

சாறுகளிலும் இதே கவனம் வேண்டும். சிப்பிச் சாற்றுக்கு மாற்றாகக் காளானில் செய்த சைவச் சாறு கிடைக்கிறது. பெலாச்சான் இறாலில் செய்யப்படுவது, ஆகவே கடையில் வாங்கிய சம்பாலை ஆராயாமல் தௌக்வாவில் புரட்டக் கூடாது. பெலாச்சான் இல்லாத சம்பால் வெறுமையாக இருக்கிறது என்பவர்கள், புளிக்கவைத்த சோயாவான தௌச்சுவை ஒரு தேக்கரண்டி மசித்து, அரைத்த மிளகாயோடு எண்ணெயில் நன்றாக வறுத்துப் பார்க்கலாம். தௌச்சுவே உப்பு மிகுந்தது என்பதால் தனியே உப்புச் சேர்ப்பதற்கு முன் சுவைத்துக்கொள்ள வேண்டும். விரதத்தில் வெங்காயமும் பூண்டும் விலக்குபவர்களுக்கு, ஒன்பது பேரரசர் விழாவின்போது மஞ்சள் கொடி கட்டிய சீனச் சைவக் கடைகள் நல்ல பாடம் சொல்லும். அங்கேயும் அவ்விரண்டும் சேர்க்கப்படுவதில்லை. காய்ந்த காளானை ஊறவைத்த நீர், இஞ்சி, நல்லெண்ணெய் ஆகியவற்றைக் கொண்டே சுவையைக் கூட்டுகிறார்கள். அந்தக் காளான் நீரில் பிழிந்த தௌக்வாவைப் போட்டுச் சுண்டவைத்து, இறக்கும்போது பெருங்காயம் சேர்த்தால் நம் நாவுக்கும் ஒத்துவரும். கோதுமை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் தூளாக விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.